பழஞ்சேலைப் போர்வையைக் கந்தல் என்பவர்களுக்கு

ஒட்டுத்துணிப் போர்வை என்றாலே அது குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. கைவினைக் கண்காட்சியில் வங்காளத்துக் கந்தாப் போர்வையை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறவர்கள்கூட, தங்கள் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ தைத்துவைத்த பழஞ்சேலைப் போர்வையைக் குப்பை வண்டியில் போட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் காரணங்கள் வரிசையாக வருகின்றன. நம் ஊர் வெயிலுக்குத் தடித்த போர்வையே வேண்டாம். வேண்டாத இடத்தில் அதில் ஒரு கலை எப்படி முளைக்கும்? நம் பெண்கள் தைத்தது வறுமையால். புதுசு வாங்க வழியில்லாமல் கிழிசல்களை அடுக்கித் தைத்தார்கள். இந்தப் பக்கத்துக்கு ஊசி வேலை வந்ததே மிஷன் பள்ளிக்கூடங்களால்தான். இதற்கென்று ஒரு தொழிற்குலம் உண்டா, ஒரு கோயில் வழக்கம் உண்டா, அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரியாவது உண்டா? இல்லாத மரபை இருந்ததாகச் சொல்லிப் பெருமை கொள்ள வேண்டாம்.

நாகர்கோவிலில் படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்லவர்கள், விவரம் தெரிந்தவர்கள். அதனால்தான் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி.

வெயிலில் இருந்தே தொடங்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்து வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு ராத்திரி தங்கியவர்கள் வெயிலைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கி முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று, அந்த மாதங்களில் அஞ்சுகிராமம், லீபுரம் தாண்டிக் கடல்வரை விடாமல் அடிக்கும். மழையும் இங்கே இரண்டு பருவத்திலும் உண்டு. ஓலை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அடியில் போட ஒன்றும் மேலே போட ஒன்றும் வேண்டியிருந்தது. கம்பளி கனம், ஜமுக்காளம் முரடு. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலையை மூன்று நான்கு அடுக்காகத் தைத்தால் அது காற்றைத் தடுக்கும், புழுங்க வைக்காது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் காய்ச்சல்காரருக்கும் அதைவிடத் தோதானது எது?

இன்னொன்றையும் பாருங்கள். வங்காளம் குளிர்நாடா? கந்தா அங்கேதான் பிறந்தது. சிந்துவிலும் மேற்கு ராஜஸ்தானிலும் ரல்லிப் போர்வை தைக்கிறார்கள், அது பாலைவனம். வட கன்னட மாவட்டத்துக் காடுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்திப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை அடுக்கி, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போகிறார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்து, அதைப் பூ என்பார்கள். மூலையில் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமாகத் தெரியும். இவை எல்லாம் வியர்த்துக் கொட்டும் ஊர்கள். அப்புறம் வெயிலைக் காரணம் காட்டி நம்மை மட்டும் ஏன் கழிக்க வேண்டும்?

வறுமை என்ற காரணம் இதைவிடக் கனமானது. அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது. வறுமை இருந்தது. மீன் உலர்த்தியும் பனையேறியவரின் பதனீரைக் காய்ச்சியும் கயிறு திரித்தும் முடித்த பிறகுதான் இந்தப் பெண்கள் ஊசியைக் கையில் எடுத்தார்கள். அதை அழகுபடுத்திச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் பழந்துணியைச் சேர்த்து வைத்ததற்கு வறுமை ஒன்றே காரணம் என்று சொல்கிறவர்கள், இந்த மண்ணில் துணிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது. மேலே போட்ட துணியைச் சந்தையிலும் தெருவிலும் உருவிக் கிழித்தார்கள். வீடுகள் எரிந்தன, பள்ளிகள் எரிந்தன. கடைசியில் 1859 ஜூலையில் வந்த அரசு அறிவிப்பும் முழு உரிமை தரவில்லை. குப்பாயம் என்ற மேற்சட்டை போட்டுக்கொள்ளலாம், அல்லது மீனவப் பெண்கள் கட்டுவதுபோல முரட்டுத்துணியைச் சுற்றிக் கட்டலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற பாங்கில் மட்டும் உடுத்தக் கூடாது என்றது அது. எந்தத் துணி, யார் உடம்பில், எப்படி என்று அரசனே உத்தரவு போட்ட நாடு இது. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி தன் தாயின் சேலையைக் கிழிந்த பிறகும் எறியாமல், நாலாக மடித்து, தையல் போட்டுத் தன் பிள்ளைக்குப் போர்த்தினாள் என்றால், அந்தச் செயலைச் சிக்கனம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுத் துணியை மட்டும் பார்ப்போம். வட்டக்கோட்டைக்கு வடக்கே ஒரு வீட்டில் நான் விரித்துப் பார்த்த போர்வை ஒன்றைச் சொல்கிறேன். மேலே அரக்கு நிற நூல் சேலை. அடிப்பக்கம் இரண்டு கட்டம் போட்ட சாரங்கள் பக்கம் பக்கமாக இணைத்தவை. நடுவே வெள்ளை முண்டுகள், அவை எத்தனை அடுக்கு என்று தொட்டுத்தான் உணர முடியும். சேலையின் கரையை வெட்டி எறியவில்லை. அதைத் தனியே பிரித்தெடுத்துப் போர்வையின் நான்கு பக்கமும் சட்டமாகச் சுற்றிப் பிடித்திருந்தார்கள். மூலையில் கரை திரும்பும் இடத்தில் மாங்காய்ப் பூவேலை பாதியில் அறுபடாமல், ஒரு முழு மாங்காய் மூலையில் உட்கார்கிற மாதிரி துணியை உள்ளே மடித்துச் சரிக்கட்டியிருந்தது. நான்கு மூலையிலும் அப்படித்தான்.

தையல் வெறும் ஓட்டத் தையல். ஓரத்தில் தொடங்கி, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, சதுரத்துக்குள் சதுரமாக நடுவரை போகிறது. ஓரத்தில் தையல்கள் நெருக்கம், கோதுமை மணி அளவுகூட இல்லை. நடுவுக்கு வரவர நீள்கின்றன. கல்லில் அடித்துத் துவைக்கும்போது ஓரம்தான் முதலில் பிய்யும், அங்கே பிடிமானம் வேண்டும். நடுவில் உடம்பு படுகிறது, அங்கே மெதுவாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கவில்லை. நூலை ஒரே அழுத்தத்தில் இழுத்துக்கொண்டு போனதால் துணி முழுக்க மெல்லிய சுருக்கங்கள் அலை அலையாக எழும்பி நிற்கின்றன. சாய்வாக வெளிச்சம் பட்டால் அரக்கு நிறம் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. நடுவை நெருங்கும் இடத்தில் தையல் சற்றே சாய்ந்து வேறு கையாக மாறுகிறது. பார்வை மங்கிய தாய் விட்ட இடத்திலிருந்து மகள் எடுத்து முடித்தாள் என்று அந்த வீட்டில் சொன்னார்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்தச் சேலையில் இடது மேற்பக்கம் ஒரு பெரிய கிழிசல். அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துண்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அது தேவை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நேர் எதிரே, வலது கீழ்ப்பக்கம், அதே அளவில் இன்னொரு மஞ்சள் துண்டு. அதைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை, தையல் அவ்வளவு இறுக்கம். ஆனால் உட்பக்கத்திலிருந்து தடவிப் பார்த்தால் சேலை முழுசாக இருக்கிறது. கிழியவே இல்லை. கிழியாத இடத்தில் ஒட்டு எதற்கு? வறுமையை வைத்து இதற்கு விளக்கம் சொல்ல முடியுமா? ஒற்றை மஞ்சள் ஒரு பக்கம் பாரமாக இழுக்கிறது என்று ஒரு கண் உணர்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் இன்னொன்று வைத்தால் நிதானப்படும் என்று முடிவு செய்திருக்கிறது. ஓவியர் ஒருவர் திரைச்சீலைமுன் நின்று எடுக்கிற முடிவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

இதே வறுமை வாதம் வேறு நாடுகளிலும் எழுந்தது, அங்கே விழுந்தும் போனது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவுக் கிராமத்தில், அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் கிழித்துப் போர்வை தைத்தார்கள். கணவன் செத்தபின் அவன் வேலை உடுப்புகளைச் சேர்த்துத் தைத்துப் போர்த்திக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. 2002-ல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கின. பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. ஜப்பானின் முதன்மைத் தீவின் வடகோடியில் உள்ள அவோமோரியில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட போரோ துணிகளை அந்த ஊர்க்காரர்களே வெட்கப்பட்டு ஒளித்தார்கள். தனாகா சூசாபுரோ என்ற ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததால் அவை இன்று உலகம் பார்க்கும் பொருளாகிவிட்டன. வெளிநாட்டுக்காரன் மெச்சினால்தான் நம்முடையது கலையாகும் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. ஏழையின் கையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று கலையல்ல என்று தள்ள முடியாது என்பதற்கு இவை கண்முன் நிற்கும் சாட்சி.

அடுத்தது, ஊசி மிஷனரிகள் கொண்டுவந்தது என்ற கதை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்து சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியரின் பணியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் வேலை இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது. லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் பேசுகின்றன. அது பெரிய விஷயம். ஆனால் திண்டுத் தலையணையில் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலைப் பின்னிப் பின்னிச் செய்வதுதான் அந்த லேஸ். அதற்கும் அடுக்குத்துணியில் ஊசி ஓட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டுமரத்துப் பாய்த்துணியைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் கடலோடிக்கொண்டிருந்த கரைக்கு ஊசியை யார் வந்து அறிமுகப்படுத்த வேண்டும்? சுசீந்திரத்து மார்கழித் தேரைப் பாருங்கள். தேரை அலங்கரிக்கும் தொம்பைகளும் துணித் தோரணங்களும் வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைத்தவைதானே? தஞ்சாவூரில் அந்த வேலைக்கென்றே குடும்பங்கள் இருக்கின்றன. அது சாமிக்கு, இது பாயில் படுக்கிறவருக்கு. இரண்டும் துணிமேல் துணி வைத்து ஊசியால் பிடிப்பதுதான். முன்னதைக் கும்பிடுகிறோம், பின்னதைக் கந்தல் என்கிறோம்.

குளிர்நாட்டுக் கலை என்பவர்கள் அந்தக் குளிர்நாட்டுப் போர்வையையே கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வங்காளத்துச் சாத்காவிலிருந்து தைத்த போர்வைகள் கப்பலேறிப் போர்ச்சுகலுக்குப் போயின. சோழமண்டலக் கரையில் தீட்டிய பூந்துணிகள் ஐரோப்பியப் படுக்கையறைகளை நிரப்பின. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழுந்து, பிரான்சு 1686-லும் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் அவற்றுக்குத் தடைச் சட்டம் போட்டன. கிடைப்பது அரிதானபோது அங்குள்ள பெண்கள் நம் துணியிலிருந்த பூவையும் பறவையையும் கத்தரித்தெடுத்து, வெள்ளைத் துணியில் பதித்துத் தைத்துப் போர்வையாக்கினார்கள். இங்கிலாந்தில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளுள் ஒன்று லெவென்ஸ் மாளிகையில் இருக்கிறது. 1708 வாக்கில் தைத்தது என்பார்கள். அதன் துண்டுகள் இந்தியப் பூந்துணி. வெட்டிச் சேர்த்த திறமை அவர்களுடையது, அதை நாம் பறிக்க வேண்டாம். ஆனால் துணி எந்தக் கரையிலிருந்து போனது என்பதையாவது நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? அந்த வணிகத்தின் தடம் நம் ஊரிலும் உண்டு. வட்டக்கோட்டைச் சுவரைக் கருங்கல்லில் எழுப்பிய டிலனாய், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்து 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டவர். அந்தக் கம்பெனி மேற்குக் கரைக்கு மிளகுக்காக வந்தது, கிழக்குக் கரைக்குத் துணிக்காக வந்தது.

தொழிற்குலம் இல்லை, அருங்காட்சியகத்தில் மாதிரி இல்லை, அதனால் மரபும் இல்லை என்பதுதான் இவர்களின் கடைசி வாதம். தொழிற்குலம் இல்லாததற்குக் காரணம் எளிது. எல்லா வீட்டுப் பெண்ணும் தைத்தாள், விற்பதற்காகத் தைக்கவில்லை. விலைக்குப் போகாத பொருளுக்கு வரி இல்லை, கணக்கு இல்லை, ஏடு இல்லை. பொருள் மிஞ்சாததற்குக் காரணம் அதைவிட எளிது. போர்வை பழசானால் குழந்தைக்கு அடியில் போடும் துணியாகும், பிறகு அடுப்பிலிருந்து பானையை இறக்கும் கரித்துணியாகும், கடைசியில் திரியாகும். உபயோகித்துத் தீர்ப்பதற்கென்றே செய்த ஒன்றை உப்புக்காற்றடிக்கும் ஊரில் இருநூறு வருஷம் கழித்துத் தேடி, கிடைக்கவில்லை என்று தீர்ப்பு எழுதுவது நியாயமா? வங்காளக் கந்தாவும் இப்படித்தான் போயிருக்கும். ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத் ஊர் ஊராகப் போய்க் கிராமத்து வீடுகளில் கேட்டு வாங்கினார். கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்தார், 1939-ல் அதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். இன்று கந்தாவுக்கு இருக்கிற மதிப்பு அந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது. வங்காளத்துப் பாட்டிக்குக் கிடைத்து நம் பாட்டிக்குக் கிடைக்காமல் போனது, வாசலில் வந்து நின்று கேட்க ஒரு ஆள்தான்.

கிழிந்த துணி வீட்டில் இருந்தால் தரித்திரம் என்று சொல்லி எறிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையை நாம் எதில் ஏந்துகிறோம்? புதுத்துணியில் இல்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய துணியில், முடிந்தால் நிறைவாக வாழ்ந்த ஒரு மூதாட்டியின் சேலைத் துண்டில். அவளுடைய ஆயுசு குழந்தைக்கு வரட்டும் என்கிறோம். அந்த நம்பிக்கையும் இதே வீட்டினுடையதுதான். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு கூட்டம் இதைப் பாராட்ட வந்திருக்கிறது. மறுசுழற்சி, சுற்றுச்சூழல் என்கிறது. நல்லதுதான். ஆனால் குப்பையைக் குறைத்தது என்பதற்காக மட்டும் பாராட்டினால், அந்த இரண்டாவது மஞ்சள் துண்டை அவர்களும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். கரூரில் ஏற்றுமதிக்காகத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை வேறு. புதுத்துணியை அளவெடுத்து வெட்டி இயந்திரத்தில் இணைப்பது அது. அதில் பிழைப்பு இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பேசுவது அதைப் பற்றியில்லை.

மீட்க முடியாது என்று கைவிரிப்பவர்கள் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிக்குப் போய்வரட்டும். அங்கே லம்பாடிப் பெண்களின் தையல் வேலை மூத்தவர்கள் ஒரு சிலரின் கையில் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் 1993 முதல் பழங்குடியினருக்கு மருத்துவம் பார்த்துவரும் அமைப்பைச் சேர்ந்த லலிதா ரெஜி அதைக் கவனித்தார். இளைய பெண்கள் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கற்றார்கள். இன்று போர்கை என்ற பெயரில் அவர்களே கூட்டாகத் தைக்கிறார்கள், போர்வையும் தைக்கிறார்கள், கூலி அவர்கள் கைக்கு வருகிறது. அது நடந்தது நம் மாநிலத்தில்தான்.

வட்டக்கோட்டைக்குத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. மதிலில் ஒரு கல் சரிந்தால் தேடிவந்து பொருத்துகிறார்கள், பொருத்தத்தான் வேண்டும். அதே அக்கறையை அந்த மதிலைச் சுற்றியுள்ள வீடுகளில் இருக்கும் துணிக்கும் கேட்கிறேன். கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் இந்தப் போர்வைகளுக்கு ஒரு சுவர் ஒதுக்கட்டும். வாங்கும்போது உரிய விலை கொடுத்து வாங்கட்டும், தானமாகக் கேட்க வேண்டாம். சலவைக்காரத்தில் ஊறவைத்துப் பளிச்சென்று ஆக்க வேண்டாம். கறையும் அதன் வரலாறுதான். சட்டம் போட்டு முன்பக்கத்தை மட்டும் காட்ட வேண்டாம், அடிப்பக்கத்துச் சாரமும் தெரிகிற மாதிரி தொங்கவிட வேண்டும். எந்தச் சேலை எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, எந்த முண்டு யார் உடுத்தியது என்று அந்த வீட்டார் சொல்வதைப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். தைத்தவர் பெயரையும் எழுத வேண்டும். பெயர் தெரியவில்லை என்று அட்டையில் போட வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. அந்தப் பெண்களின் மகள்களும் மருமகள்களும் அஞ்சுகிராமத்திலும் லீபுரத்திலும் கொட்டாரத்திலும் இருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்வார்கள்.